வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறையாகக் கோர்ட்டு விவகாரம் வந்து சேர்ந்தவர் நேராக வக்கீலிடம் போவது அபூர்வம். ஊரில் 'கோர்ட்டு வேலை தெரிந்தவர்' என்று ஒருவர் இருப்பார். அவரைத்தான் முதலில் தேடிப் போவார்கள். பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இதுதான் வழக்கம். அதில் தப்பில்லை. பட்டா மாறுதலுக்கு மனு எழுதித் தருபவர், ஸ்டேஷனுக்குத் துணைக்கு வருபவர், பத்திர ஆபீசில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று சொல்பவர், இவர்கள் இல்லாமல் கிராமத்தில் பல வேலைகள் நகராது. ஆனால் அதே ஆள் "வக்கீல் எதுக்குங்க, கேஸை நானே முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிப் பணத்தைக் கையில் வாங்கும் இடத்தில் விஷயம் மாறிவிடுகிறது. அங்கிருந்து அது உதவி அல்ல, குற்றம்.

நான் வக்கீல் இல்லை. இலவசச் சட்ட உதவி தரும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். மனு எழுத உதவலாம், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லலாம், கூட வரலாம். உங்களுக்காக நீதிபதி முன்னால் நின்று வாதாடக் கூடாது. உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. வக்கீலுக்கும் வக்கீல் அல்லாதவருக்கும் நடுவில் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அந்தக் கோடு மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

இந்தியாவில் வக்கீல் தொழிலுக்கு அடிப்படை 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். சட்டத் தொழில் செய்ய உரிமையுள்ள ஒரே வகையினர் வழக்கறிஞர்கள்தான் என்கிறது அதன் 29ஆவது பிரிவு. வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலில் பெயர் பதிவாகாத யாரும் நீதிமன்றத்திலோ எந்த அதிகார அமைப்பின் முன்போ வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது என்கிறது 33ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இது 45ஆவது பிரிவு.

'அதிகார அமைப்பின் முன்' என்பதை நினைவில் வையுங்கள். தடை நீதிமன்றத்தோடு நிற்பதில்லை என்பதற்கு அந்தச் சொற்கள்தான் ஆதாரம். "இது கோர்ட்டே இல்லீங்க, தீர்ப்பாயந்தான், நானே பேசிக்குவேன்" என்று ஒருவர் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

சட்டத் தொழில் என்றால் கறுப்புக் கோட்டுப் போட்டு வாதாடுவது மட்டும்தானா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஏ.கே. பாலாஜி தொடுத்த வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டு சட்ட நிறுவனங்கள் இங்கே வந்து தொழில் செய்யலாமா என்பதைப் பற்றிய வழக்கு அது. 2018 மார்ச்சில் வந்த தீர்ப்பு, வழக்காடுவதும் வழக்காடாமல் சட்ட ஆலோசனை போன்றவற்றைத் தொழிலாகச் செய்வதும் இரண்டுமே சட்டத் தொழில்தான் என்று சொல்லிவிட்டது. லண்டன் நிறுவனத்துக்குச் சொன்ன அந்த விதியை, பஸ் ஸ்டாண்டு எதிரில் 'சட்ட ஆலோசகர்' என்று போர்டு மாட்டியிருக்கும் ஆளைப் பார்க்கும்போதும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பிரிவு புதியது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 45ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 2024 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கமிஷனுக்காக வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்களைப் பற்றியது. மாவட்ட நீதிபதி, கலெக்டர் போன்றவர்கள் இந்தத் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிடலாம், நீதிமன்ற வளாகத்துக்குள் நுழையத் தடை போடலாம். பட்டியலில் பெயர் இருக்கும்போது அதே வேலையைச் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1879ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்த ஏற்பாடுதான் இப்படி இடம் மாறி வந்திருக்கிறது. 500 ரூபாய் அபராதம் என்பதைப் படிக்கும்போதே அதன் வயது தெரிகிறது. இந்தக் காலத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனால் பட்டியலில் பெயர் ஏறி அதைக் கோர்ட்டில் ஒட்டிவிட்டால், அதன் பிறகு அந்த ஆளை எந்த ஊர் நம்பும்? அதுதான் இந்தப் பிரிவின் பலம்.

யாரிடம் எதற்குப் போகலாம்

ஒவ்வொரு ஆளாகச் சொல்கிறேன். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வக்கீல் குமாஸ்தா கட்டு எடுத்து வைப்பார், நகல் மனு போடுவார், அடுத்த வாய்தா எப்போது என்று சொல்வார். அவர் ஒரு வக்கீலின் கீழ் வேலை செய்யும்வரை எல்லாம் ஒழுங்கு. வக்கீலைக் கண்ணிலேயே காட்டாமல் ஃபீஸ் பேசுவது, வாங்குவது, ஆலோசனை சொல்வது எல்லாம் குமாஸ்தா ஒருவரே என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தன் பெயரை அப்படிப் பயன்படுத்தவிடும் வக்கீலும் தப்புச் செய்கிறார். உரிமை இல்லாதவர்கள் சட்டத் தொழில் செய்ய வக்கீல் தன் பெயரைக் கொடுக்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதிகளில் தனியாகவே இருக்கிறது.

பத்திர எழுத்தருக்குப் பதிவுத் துறை உரிமம் கொடுக்கிறது, 1982ஆம் ஆண்டு விதிகளின்படி. கிரயம், தானசெட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் எழுதுவது அவர் தொழில். உங்கள் பத்திரத்தை நீங்களே எழுதிக்கொள்ளவும் தடையில்லை, மாதிரிப் படிவங்கள் பதிவுத் துறையின் இணையதளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. ஆனால் அண்ணன் தம்பி பாகத் தகராறில் 'உன் பக்கம்தான் ஜெயிக்கும், கேஸ் போடு' என்று சொல்வதும், அந்தக் கேஸை நடத்தித் தருவதாக ஒப்புக்கொள்வதும் அந்த உரிமத்தில் அடங்காது.

நோட்டரி உங்கள் கையெழுத்தைச் சான்றளிப்பவர். அவர் நீதிபதி அல்ல. நம் பகுதியில் மிகவும் வேதனை தரும் பழக்கம் ஒன்று உண்டு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் கணவனும் மனைவியும் 'இன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்புவது. ஆகவில்லை. இந்து திருமணச் சட்டத்தின்படி நடந்த கல்யாணத்தை நீதிமன்றத் தீர்ப்புதான் முடித்து வைக்கும். அந்தத் தாளை நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டால், முதல் மனைவி புகார் கொடுக்கும் நாளில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாக வந்து நிற்கும். அந்தத் தாளை எழுதித் தந்தவர் அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்கள் நீங்கள் சொல்வதை எழுதுகிறார்கள், அதற்குக் கூலி வாங்குகிறார்கள். அது நேர்மையான பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுத வக்கீல் தேவையே இல்லை. தகவல் உரிமைச் சட்ட மனுவும் அப்படித்தான்.

சட்டம் படித்தவர் என்பதும் வக்கீல் என்பதும் ஒன்றல்ல. பட்டம் வாங்கி பார் கவுன்சிலில் பதிவு செய்யாதவர், அரசு வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவர், ஒழுங்கு நடவடிக்கையில் இடைநீக்கம் செய்யப்பட்டவர், இவர்கள் யாரும் உங்களுக்காக வழக்காட முடியாது. முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்வரை வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. "எங்க மாமா எல்.எல்.பி. முடிச்சிருக்காரு, வாத்தியாரா இருக்காரு" என்றால், மாமாவிடம் யோசனை கேட்கலாம், வக்காலத்துக் கொடுக்க முடியாது.

வக்கீல் இல்லாமல் பேச அனுமதி உள்ள இடங்கள்

உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம், அதை எந்தச் சட்டமும் தடுக்காது. வருமான வரி விஷயத்தில் ஆடிட்டர் உங்களுக்காக அதிகாரி முன் ஆஜராகலாம். ஓசூர் சிப்காட் தொழிலாளிக்குத் தொழிற்தகராறில் சங்க நிர்வாகி பேசலாம், அங்கே வக்கீலை உள்ளே விடுவதற்குத்தான் கட்டுப்பாடு. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் அதிகாரம் கொடுத்த பிரதிநிதி ஆஜராகலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவை தவிர, வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி ஒரு குறிப்பிட்ட வழக்கில் மட்டும் வக்கீல் அல்லாதவரைப் பேச நீதிமன்றம் அனுமதிக்கலாம். காது கேளாத அம்மாவுக்காக மகன் பேச விரும்பினால் முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பம். எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட முடியாது.

இந்த இடத்தில் பவர் பத்திரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஏராளமானவர்கள் பெங்களூரில் வேலை செய்கிறார்கள். வாய்தாவுக்கு வர லீவு கிடைக்காது என்று ஊரில் ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பவர் வாங்கியவர் உங்கள் சார்பில் மனுவில் கையெழுத்துப் போடலாம், வக்கீல் வைக்கலாம். ஆனால் பவர் கையில் இருப்பதாலேயே அவர் வக்கீல் மாதிரி வாதாட முடியாது, அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1999இல் டி.சி. மத்தாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 'எனக்குப் பவர் எழுதிக் கொடுங்க, வக்கீல் செலவே இல்லாம முடிக்கிறேன்' என்று யாராவது சொன்னால், உங்கள் நிலத்தை விற்கும் அதிகாரமும் அந்தப் பத்திரத்தில் சேர்ந்திருக்கிறதா என்று வரிக்கு வரி படியுங்கள். வழக்கு நடத்த மட்டும் என்றால் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு அதற்கு மட்டும் எழுதுங்கள்.

படி 1: பதிவு எண்ணைக் கேளுங்கள்

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். டாக்டரின் போர்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கிறோம் இல்லையா, அப்படித்தான். "சார், உங்க என்ரோல்மென்ட் நம்பர் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்றால் உண்மையான வக்கீல் கோபப்பட மாட்டார். தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களின் எண் 'எம்.எஸ்.' என்று தொடங்கி, ஒரு வரிசை எண், பிறகு பதிவு செய்த ஆண்டு என்று முடியும். பார் கவுன்சில் கொடுத்த அடையாள அட்டையில் போட்டோவோடு அது இருக்கும். சந்தேகம் இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்கலாம். அதைவிடச் சுலபம், அவர் எந்தக் கோர்ட்டில் தொழில் செய்வதாகச் சொல்கிறாரோ அந்தக் கோர்ட்டின் வக்கீல் சங்கத்தில் நேரில் போய் விசாரிப்பது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பெங்களூர் வக்கீல் கர்நாடகா பார் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார், எண்ணும் வேறு மாதிரி இருக்கும். அதனால் அவர் போலி ஆகிவிட மாட்டார். 30ஆவது பிரிவின்படி ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வக்கீலுக்கு நாடு முழுவதும் தொழில் செய்யும் உரிமை உண்டு, அந்தப் பிரிவு 2011 ஜூன் 15 முதல் அமலில் இருக்கிறது. சரிபார்க்க வேண்டிய இடம் மட்டும் கர்நாடகா பார் கவுன்சில்.

வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கர், கறுப்புக் கோட்டு, விசிட்டிங் கார்டு, செல்போனில் இருக்கும் போட்டோ எதுவும் சான்று அல்ல. நேர்மாறாக, 'கேஸ் கட்டாயம் ஜெயிக்கும்' என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பவரைச் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் வைத்துக் கேஸ் பிடிக்கவும் கூடாது என்று விதி இருக்கிறது.

தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் அதிகம். கீழ்க் கோர்ட்டு நடவடிக்கை தமிழில் இருப்பதால், மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைக் கூட்டிப் போகிறார்கள். மொழிபெயர்ப்பவர் நல்ல துணை. ஆனால் வக்கீலிடம் நீங்கள் நேரில் உட்கார்ந்து பேசுங்கள், நடுவில் இருப்பவர் மூலமே எல்லாம் போக வேண்டும் என்று விடாதீர்கள்.

படி 2: எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள்

வக்காலத்து என்பது 'என் சார்பில் இவர் ஆஜராகலாம்' என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். அதில் வக்கீலின் பெயர், பதிவு எண், முகவரி, எந்தக் கோர்ட்டு, எந்த வழக்கு என்பதெல்லாம் நிரப்பியிருக்க வேண்டும். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்று முத்திரைத்தாளிலும் வெற்றுச் செக்கிலும் எந்தக் காலத்திலும் போடாதீர்கள். நிரப்பிக் கையெழுத்துப் போட்ட வக்காலத்தைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் பத்திரம், பட்டா, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் முதலில் நகலைத்தான் கொடுக்க வேண்டும். அசலைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டிய நாளில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விபத்து வழக்குகள்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்கக் காரணம் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி வராத மாதம் குறைவு. கிருஷ்ணகிரி நான்கு பெரிய சாலைகள் சந்திக்கும் ஊர். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, குடும்பமே வாசலில் அழுதுகொண்டிருக்க, அந்த நேரத்தில் ஒருவர் வந்து "கவலைப்படாதீங்கம்மா, இன்சூரன்ஸ்ல பெரிய தொகை வாங்கித் தர்றேன், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். அவர் கையில் வெற்று வக்காலத்து இருக்கும். பெரும்பாலும் அவர் வக்கீல் அல்ல, வக்கீலுக்கு ஆள் பிடிப்பவர். 45ஏ பிரிவு இத்தகையவர்கள் சுற்றும் இடங்களாக நீதிமன்றம், வருவாய்த் துறை அலுவலகம், ரயில் நிலையம், தங்கும் விடுதி என்று வரிசையாகச் சொல்லி, மக்கள் கூடும் பிற இடங்களையும் சேர்க்கிறது.

அந்தக் கையெழுத்தை அன்றைக்கே போட வேண்டிய எந்த அவசியமும் இல்லை. நஷ்டஈட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது, ஆகவே தள்ளிப் போடவும் கூடாது. ஆனால் ஆறு மாதம் என்பது ஆறு மணி நேரம் அல்ல. காயம்பட்டவரை முதலில் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை ஸ்டேஷனில் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அதை இலவசமாகத் தர வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆஸ்பத்திரி பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு காகிதம் விடாமல் சேர்த்து வையுங்கள்.

'இப்போ பணமே வேண்டாம், வர்றதுல மூணுல ஒரு பங்கு குடுங்க' என்பது இன்னொரு பேச்சு. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்று வக்கீல்களுக்கே விதி இருக்கிறது. வக்கீலுக்கே கூடாதது தரகருக்கு எப்படி ஆகும்? கால் போன மனிதனின் நஷ்டஈட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் மிச்ச வாழ்நாளின் சாப்பாடு.

படி 3: பணம்

ஃபீஸ் எவ்வளவு, அதில் கோர்ட்டுக் கட்டணம் எவ்வளவு, நகல், டைப்பிங் செலவு எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முடிந்தவரை வங்கி வழியாகவோ யூபிஐயிலோ வக்கீலின் சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டியதும், கேட்டால் நகல் தர வேண்டியதும் வக்கீலின் கடமை. "ஜட்ஜுக்குக் கொடுக்கணும்" என்று யார் கேட்டாலும், அவர் உண்மையான வக்கீலாகவே இருந்தாலும், அந்த அலுவலகத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

பணம் இல்லை என்பதற்காகத் தரகரிடம் போக வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கோர்ட்டு வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு பெண்ணுக்கும் இது உரிமை. யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

படி 4: கேஸ் உண்மையில் போட்டிருக்கிறதா

போலிகள் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். கேஸே தாக்கல் செய்யாமல் "வாய்தா தள்ளிப் போச்சு, ஜட்ஜு லீவு" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே பணம் வாங்குவார்கள். இதைக் கண்டுபிடிப்பது இப்போது சுலபம். எண்ணிடப்பட்டுப் பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும், நம் மாநில வழக்குகளுக்கு 'டி.என்.' என்று தொடங்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி, முந்தைய தேதிகளில் என்ன நடந்தது, இரண்டு பக்கத்திலும் எந்த வக்கீல் பெயர் இருக்கிறது என்று எல்லாம் வரும். எண் தெரியாவிட்டால் உங்கள் பெயரை வைத்தே தேடலாம். வக்கீல் என்று வந்தவரின் பெயர் அங்கே இல்லாமல் வேறு யார் பெயரோ இருந்தால், அந்த வக்கீலை நேரில் பார்த்துப் பேசுங்கள். அவருக்கே உங்களைத் தெரியாமல் இருக்கலாம்.

வக்கீலை மாற்ற உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லியிருக்கிறது. பாக்கியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

சட்டக் கல்லூரி முடித்துவிட்டு வருபவர்களுக்கு

தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி 2017இல் வந்தபின் நம் கிராமங்களிலிருந்தே பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். பட்டம் கையில் வந்ததும் ஊரில் 'வக்கீல் சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். பதிவு ஆகும்வரை அந்தப் பெயரில் ஒரு கேஸையும் தொடாதீர்கள். பதிவுக்குக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. பணம் இல்லாமல் பதிவைத் தள்ளிப்போட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய விடுதலை. பதிவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். கல்லூரி விடுமுறையில் சீனியரோடு கோர்ட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், எழுந்து பேசக் கூடாது.

ஏமாந்துவிட்டால்

முதலில் அந்த ஆள் வக்கீலா இல்லையா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள், போகிற வழியே அதில்தான் இருக்கிறது. பதிவு பெற்ற வக்கீல் தவறு செய்திருந்தால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார். அவர்கள் விசாரித்துக் கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பெயரையே நீக்கலாம். பதிவே இல்லாத போலி என்றால் பார் கவுன்சிலுக்குத் தகவல் கொடுக்கலாம், ஆனால் நடவடிக்கை எடுக்க வேண்டியது போலீஸ்.

போலீஸ் புகார் எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 45ஆவது பிரிவுக்கு ஆறு மாதச் சிறைதான் என்பதால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் நேராக விசாரிக்க முடியாத வகையில் அது விழுகிறது. புகாரில் 'வக்கீல் இல்லாமல் வக்கீல் தொழில் செய்தார்' என்று மட்டும் எழுதினால் உங்களைத் திருப்பி அனுப்ப வாய்ப்பு உண்டு. நடந்ததை முழுசாக எழுதுங்கள். தான் வக்கீல் என்று எந்தத் தேதியில், எங்கே, யார் முன்னால் சொன்னார், அதை நம்பி எவ்வளவு பணம், எப்படிக் கொடுத்தீர்கள், என்ன போலிக் காகிதம் காட்டினார். இவை புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகளில் வரும் ஏமாற்று, ஆள்மாறாட்ட ஏமாற்று. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் ஐந்து ஆண்டு வரை, ஏமாற்றிப் பணமோ சொத்தோ வாங்கினால் ஏழு ஆண்டு வரை சிறை. போலித் தீர்ப்போ போலி முத்திரையோ இருந்தால் அவற்றுக்குத் தனிப் பிரிவுகள் உண்டு. ஏமாற்றிப் பணம் வாங்கியதற்கும் ஆள்மாறாட்ட ஏமாற்றுக்கும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம்.

மனுக் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம், அதிலும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்த இரண்டுக்கும் சட்டப்பணிகள் குழு வக்கீலே உதவுவார். இதற்குள் அந்த ஆள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து "பணத்தைக் குடுத்துடறேன், புகாரை வாபஸ் வாங்குங்க" என்று சொல்வார். பணத்தைப் பற்றிப் பேசும் முன் உங்கள் அசல் பத்திரங்களும் நீங்கள் கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களும் கைக்கு வந்தாக வேண்டும். பணம் பிறகும் கிடைக்கும். கையெழுத்திட்ட வெற்றுத்தாள் வெளியே இருக்கும்வரை உங்கள் நிலத்துக்குப் பாதுகாப்பில்லை.

புகாரைவிட அவசரம் உங்கள் அசல் வழக்கு. நீங்கள் பிரதிவாதி, போலி ஆளை நம்பி யாரும் ஆஜராகவில்லை என்றால், எக்ஸ்பார்ட்டியாக, அதாவது உங்கள் பக்கத்தைக் கேட்காமலேயே, தீர்ப்பு ஆகியிருக்கும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மனே உங்களுக்கு முறையாக வந்து சேரவில்லை என்றால் தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு. நாள் கடந்துவிட்டாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். போலி வக்கீலை நம்பி ஏமாந்தேன் என்று வெறுமனே சொன்னால் போதாது, சி.எஸ்.ஆர். ரசீதும் பணம் அனுப்பிய வங்கி விவரமும் காட்டினால்தான் நீதிபதி யோசிப்பார். போலீஸ் புகாரும் இந்த மனுவும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது இங்கேதான்.

சட்டப்பணிகள் குழுவுக்கு வரும்போது ஆதார், வழக்கு சம்பந்தமாக வந்த சம்மன் அல்லது நோட்டீஸ், பணம் கொடுத்ததற்கான ஆதாரம், அந்த ஆளோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், அவர் கொடுத்த எந்தக் காகிதமானாலும், எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். செய்திகளை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இவற்றில் சில இல்லாவிட்டாலும் வரலாம். வழக்கு எண்ணோ சி.என்.ஆர். எண்ணோ தெரிந்தால், மீதிக் காகிதங்களைக் கோர்ட்டில் நகல் மனுப் போட்டு எடுத்துக்கொள்ளலாம்.